கணவனிடம் அடிபட்ட பெண்ணுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் உதவி

ரப்பர்த் தோட்டத்தில் வாழும் நமக்கு மருத்துவமனை புதிய இடமன்று. பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தாலும், விடியற்காலை இருட்டில் நிரைக்குச் செல்லும்போது பாம்பு தீண்டினாலும், மழையில் நனைந்த செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் முதலில் டிரெசரிடம் செல்கிறோம். அவரால் இயலாதபோது பட்டணத்திலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு விரைகிறோம். அங்கே “என்ன நடந்தது?” என்று கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம். பாம்பு கடித்தது என்று சொல்ல எவரும் கூச்சப்படுவதில்லை.

ஆயினும், ஒருவகைக் காயத்திற்கு மட்டும் அதன் உண்மைக் காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. கட்டிய கணவன் அடித்ததனால் ஏற்பட்ட காயமே அது. “வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்”, “கதவில் இடித்துக்கொண்டேன்”, “குளிக்குமிடத்தில் பாசி வழுக்கிவிட்டது” என்னும் விடைகளை அவசர சிகிச்சைப் பிரிவின் தாதியரும் டாக்டர்களும் எல்லா நாடுகளிலும் கேட்டு வருகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தம் வாழ்நாளில் கணவனாலோ பிறராலோ உடல்வழியான அல்லது பாலியல் வழியான கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். ஆகவே, இது தோட்டத்து லயங்களுக்கு மட்டுமே உரிய குறை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. பங்களாக்களிலும் இது உண்டு; பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் உண்டு. அங்கே சுவர் சற்றுக் கனமானது, அழுகுரல் வெளியே கேட்பதில்லை, வேறுபாடு அவ்வளவே.

அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் ஒரு பெண் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்குவதே நம் நோக்கமாகும். ‘சொன்னால் வீண் தொல்லை’ என்னும் எண்ணம் தோட்டங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதையும் காண்போம்.

ஒரு காலைப் பொழுது

ஒரு பெண்மணியை எண்ணிப் பார்ப்போம். வயது முப்பதுக்கு மேல். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கணவரோடு அவரும் பால் வெட்டுகிறார். காலைப் பிரட்டுக்கு அவர் வரவில்லை. மண்டோர் விசாரித்தபோது, கை வீங்கியிருப்பதாகச் செய்தி வருகிறது. டிரெசர் பார்த்துவிட்டு, எலும்பு முறிந்திருக்கலாம் என்று மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புகிறார். கணவரும் உடன் செல்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவின் முகப்பில் பதிவு செய்து, நோயின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் இடத்தில் மருத்துவ உதவியாளர் மலாய் மொழியில் கேள்வி கேட்கிறார். மனைவி வாய் திறக்கும் முன்னரே கணவர் விடையளிக்கிறார்: “ஜாத்தோ”, அதாவது விழுந்துவிட்டார். மனைவி தலையை ஆட்டுகிறார். கைக்கு மாவுக்கட்டு போடப்படுகிறது. வலிக்கு மாத்திரை கொடுக்கப்படுகிறது. மாலையில் இருவரும் அதே லயத்து வீட்டுக்குத் திரும்புகின்றனர்.

இதில் மருத்துவமனை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது போல் தோன்றும். எலும்பு கூடிவிடும் என்பதும் மெய்யே. ஆனால் அந்தக் கையை முறித்தது எதுவோ அது அதே வீட்டில் இருக்கிறது.

டாக்டர் ஓரளவு ஐயுறவே செய்வார். காயங்களுக்கு ஒரு மொழி உண்டு. விழுபவர் கையை ஊன்றுகிறார். ஆதலால் உள்ளங்கையும் முழங்காலும் சிராய்க்கும். எலும்பு முறிந்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் முறியும். ஓங்கி வரும் கட்டையைத் தடுப்பவரோ முன்கையை முகத்திற்கு நேராக உயர்த்துகிறார். அப்போது சுண்டுவிரல் பக்கமாக உள்ள முன்கை எலும்பு நடுவில் முறியும். கண்ணைச் சுற்றிய கன்றல், காதோரக் காயம், கழுத்தில் நகக்கீறல், மேற்கையின் உட்புறத்தில் விரல் பதிந்த தடம், முதுகிலும் மார்பிலும் வீக்கம் ஆகியவை வாசற்படியால் வருபவை அல்ல. புதிய காயத்தோடு ஆறிவரும் பழைய காயமும் இருத்தல், அடிபட்டுப் பல நாள் கழித்து வருதல், கேட்கும் கேள்விக்கெல்லாம் உடன் வந்தவரே விடை சொல்லுதல் ஆகியவற்றையும் அனுபவமுள்ள தாதியர் கவனிப்பர். ஆனால் ஐயம் வேறு, அறிதல் வேறு. வயது வந்த ஒரு பெண் ‘விழுந்தேன்’ என்று சொல்லும்போது, டாக்டர் அதனை மறுத்து வேறொன்றை எழுதிவிட முடியாது.

ஏட்டில் எழுதப்படுவது

இங்கேதான் நம் வாசகர்கள் கருத்தூன்ற வேண்டும். மருத்துவமனையில் நோயாளி சொல்லும் காரணம் அவருடைய மருத்துவக் குறிப்பில் எழுதப்படுகிறது. காயம் எங்கே, எவ்வளவு நீளம், என்ன நிறம் என்பதோடு, எவ்வாறு ஏற்பட்டது என்று நோயாளி கூறினார் என்பதும் அக்குறிப்பில் இடம்பெறும். ஆறு திங்களோ ஈராண்டோ கழித்து, இனியும் பொறுக்க இயலாது என்று அப்பெண் காவல் நிலையம் செல்லும் நாள் வரலாம். அன்று நீதிமன்றம் கேட்டு வாங்கும் மருத்துவ அறிக்கை இந்தக் குறிப்பிலிருந்தே எழுதப்படும். அதில் ‘விழுந்ததாக நோயாளி கூறினார்’ என்று இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதனையே எடுத்துக் காட்டுவார். வீட்டுக்குள் நடப்பதற்குச் சாட்சிகள் அரியர். அந்நிலையில், சம்பவம் நடந்த அன்றே அந்நியரான ஒரு டாக்டர் எழுதிய குறிப்பைவிட வலிமையான துணை வேறில்லை.

முன்பு பொய்க் காரணம் சொல்லிவிட்டவர்கள் இனி என்ன பயன் என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. மறுமுறை கட்டு மாற்றவோ, கையைக் காட்டவோ செல்லும்போது, “அன்று அச்சத்தால் மாற்றிச் சொன்னேன், நடந்தது இதுதான்” என்று கூறலாம். அதுவும் எழுதப்படும். அச்சத்தால் பொய் சொல்வது அடிபட்ட பெண்களிடம் பரவலாகக் காணப்படுவது என்பதை டாக்டர்கள் அறிவர்.

கணவர் அருகிலேயே நின்றால் எவ்வாறு சொல்வது? நோயாளியைத் தனியே வைத்துக் கேட்பதே முறையான வழக்கம். ஆயினும் கூட்டம் மிகுந்த வேளையில் அது தவறிப்போவதுண்டு. எக்ஸ்ரே அறைக்குள் உடன் வந்தவர் நுழைய இயலாது. கழிவறைக்கு வழிகாட்டுமாறு ஒரு தாதியிடம் கேட்கலாம். திரைக்குப் பின்னால் பரிசோதனை நடக்கும்போது ஒரு சொல் சொல்லலாம். ஆங்கிலம் தெரியாது, மலாய் சரளமாக வராது என்று தயங்க வேண்டா. “சுஆமி புக்குல் சாயா” என்னும் மூன்று சொற்கள் போதும். கணவர் என்னை அடித்தார் என்பது அதன் பொருள். (மலாய் மொழியில் கணவனைக் குறிக்கும் ‘சுஆமி’ என்னும் சொல், நம்முடைய ‘சுவாமி’ பிறந்த அதே வடசொல்லிலிருந்து வந்தது. அடிக்கும் கையைச் சாமியாக எண்ணிப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!) தமிழ் தெரிந்த தாதி அல்லது டாக்டர் ஒருவர் வேண்டும் என்று கேட்பதும் தவறன்று. கணவரையோ அவருடைய உறவினரையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளவே கூடாது. பிள்ளைகளையும் அப்பணியில் ஈடுபடுத்தலாகாது.

சொன்னால் என்ன நடக்கும்?

1994ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கப்பட்டது. அடிபட்ட பெண்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானோர், கொடுமைக்குள்ளான குழந்தைகள் ஆகியோர் டாக்டரைத் தேடி ஓரிடமும், காவலரைத் தேடி ஓரிடமும், சமூகநல அதிகாரியைத் தேடி வேறோரிடமுமாக அலையாமல், அனைத்து உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்வதே அவ்வேற்பாடு. ‘ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்’, சுருக்கமாக ஓ.எஸ்.சி.சி. என்று அதனை அழைக்கின்றனர். 1996ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு, அரசாங்க மருத்துவமனைகள் யாவும் இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று பணித்தது. பின்னர் பிற ஆசிய நாடுகளும் இம்முறையைப் பார்த்துத் தத்தம் மருத்துவமனைகளில் அமைத்துக்கொண்டன. நம் நாடு பிறருக்கு வழிகாட்டிய துறைகளுள் இதுவும் ஒன்று என்பதைப் பலர் அறியார்.

அடிபட்ட பெண் உண்மையைச் சொன்னதும் நடைபெற வேண்டியது இதுதான்: உயிருக்கு ஆபத்தான நிலை எனில் முதலில் சிகிச்சையே நடைபெறும். அவ்வாறு இல்லையெனில், பொதுக் கூடத்தில் பலர் பார்க்க உட்கார்ந்திருக்காமல், தனி அறை ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்படுவார். அங்கே டாக்டர் தலைமுதல் கால்வரை பார்த்து, ஒவ்வொரு காயத்தையும் குறிப்பார். காவல் துறையில் புகார் கொடுக்க விரும்பினால் மருத்துவமனையிலுள்ள காவல் சாவடியிலோ அருகிலுள்ள நிலையத்திலோ கொடுக்க வழி செய்வர். மருத்துவச் சமூகப் பணியாளரோ சமூகநல இலாகா அதிகாரியோ வந்து, அன்றிரவு வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பானதா என்று பேசுவார். பாதுகாப்பற்றது எனில் தங்குமிடம் ஏற்பாடு செய்வார். சில வேளைகளில் மருத்துவமனையிலேயே ஓரிரவு வைத்துக்கொள்வதும் உண்டு.

உள்ளதை உள்ளபடியே சொல்வதெனில், இவ்வேற்பாடு எல்லா இடங்களிலும் ஒரே சீராக இல்லை. பெரிய மருத்துவமனையில் தனி அறையும் தனிப் பணியாளரும் இருக்கலாம். சிறிய மாவட்ட மருத்துவமனையில் ஒரு மூலையும் திரைச்சீலையும் மட்டுமே இருக்கலாம். சமூகநல அதிகாரி அங்கேயே இராமல், தொலைபேசியில் அழைத்துத்தான் வரவேண்டியிருக்கலாம். காத்திருக்க நேரிடும். ‘குடும்ப விவகாரந்தானே’ என்று அலட்சியமாகப் பேசும் பணியாளர் எவரேனும் எதிர்ப்படவும் கூடும். அவ்வாறு நேர்ந்தால், “ஓ.எஸ்.சி.சி. வேண்டும்” என்று மீண்டும் ஒருமுறை கேட்கத் தயங்க வேண்டா. அவ்வெழுத்துகள் எந்த அரசாங்க மருத்துவமனையிலும் புரிந்துகொள்ளப்படும்.

புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்னும் நிபந்தனை எதுவும் கிடையாது. புகார் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம். உண்மைக் காரணம் குறிப்பில் ஏறிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. குழந்தை அடிபட்டிருந்தால் நிலைமை வேறு. 2001ஆம் ஆண்டுக் குழந்தைச் சட்டத்தின்படி, குழந்தை கொடுமைக்குள்ளாகியிருப்பதாக நம்பும் டாக்டர் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

சட்டத்தின் துணை

1985ஆம் ஆண்டில் மகளிர் அமைப்புகள் சில ஒன்றுகூடிப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கக் கூட்டு நடவடிக்கைக் குழு ஒன்றை அமைத்தன. அவற்றுள் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவும் ஒன்றாகும். சங்கத்தில் சந்தா கட்டும் நம் பெண்கள் இதனைப் பெருமையோடு நினைவிற்கொள்ளலாம். அவர்களுடைய நெடிய முயற்சியின் பயனாக 1994ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிம்கள், முஸ்லிம் அல்லாதோர் ஆகிய இரு சாராருக்கும் இது பொருந்தும்.

தோட்ட மக்களுக்கு முக்கியமான ஒரு செய்தி இச்சட்டத்தில் உள்ளது. 1982 மார்ச் முதல் நாளிலிருந்து முஸ்லிம் அல்லாதோர் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது விதி. ஆயினும், தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, பந்தியில் உணவளித்து, பதிவை மறந்துவிட்ட குடும்பங்கள் இன்றும் உள. ‘பதிவுச் சீட்டு இல்லை, நான் எப்படி மனைவி என்று சொல்லிக்கொள்வேன்?’ என்று அடிபட்ட பெண் அஞ்சுகிறார். குடும்ப வன்முறைச் சட்டம் அந்த அச்சத்திற்கு இடம் வைக்கவில்லை. சமயத்தின்படியோ வழக்கத்தின்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால் போதும். பதிவு செய்யப்படாவிடினும் அப்பெண் இச்சட்டத்தின்கீழ் மனைவியே. மணவிலக்குப் பெற்ற மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், உடல் அல்லது மனக்குறைவால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதோருக்கும், குடும்பத்தின் பிற உறுப்பினர்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. மாமியாரை அடிக்கும் மருமகனும் இதில் அடங்குவான் என்பது கருத்து.

2012, 2017ஆம் ஆண்டுகளில் சட்டம் திருத்தப்பட்டது. முன்னைய திருத்தம், மனத்தை நோகச் செய்யும் கொடுமையையும் வன்முறையாகச் சேர்த்தது. காவல் துறையினர் தாமே விசாரித்து நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றமாகவும் இதனை ஆக்கியது. பின்னைய திருத்தத்தால் அவசரப் பாதுகாப்பு ஆணை என்னும் ஒன்று ஏற்பட்டது. இதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை; காவல் துறைப் புகாரும் வேண்டியதில்லை. உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தாலோ நேரும் என்னும் அச்சம் இருந்தாலோ, அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரியிடம் விண்ணப்பித்தால் இரண்டு மணி நேரத்திற்குள் அவர் அதனைப் பிறப்பிக்கலாம். 7 நாட்களுக்கு அது செல்லும். அதன்பின், காவல் துறை விசாரணை நடைபெறும் காலத்திற்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையும், வழக்குத் தொடங்கிய பின் பன்னிரண்டு திங்கள் வரையிலான பாதுகாப்பு ஆணையையும் நீதிமன்றம் வழங்கும். ஆணையை மீறுபவருக்கு அபராதமும் சிறையும் உண்டு.

குற்றத்திற்குரிய தண்டனையோ தண்டனைச் சட்டத் தொகுப்பின்படி விதிக்கப்படுகிறது. அதன் 326ஏ பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: மனைவியைக் காயப்படுத்துபவருக்கு, அதே காயத்தை அயலார் ஒருவருக்கு ஏற்படுத்தியிருந்தால் விதிக்கத்தக்க சிறைக்காலத்தைப்போல் இருமடங்குவரை விதிக்கலாம். ‘என் பெண்டாட்டியை நான் அடிக்கிறேன்’ என்று கள்ளுக்கடையில் வீரம் பேசுபவர்கள் இக்கணக்கை அறிந்துவைத்தல் நலம்.

தயக்கங்கள்

பெண்கள் வாய் திறவாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அவர்களுடைய கணக்கில் வேறு பல உண்டு. அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது வீடு. லயத்து வீடு பெரும்பாலும் வேலை செய்யும் கணவன் பெயரில் கொடுக்கப்படுவது. அவரை எதிர்த்தால் எங்கே போவது? பாதுகாப்பு ஆணை வழங்கும் நீதிமன்றம், இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் பாதிக்கப்பட்டவர் மட்டுமே தங்கியிருக்கவும், அடித்தவர் வெளியேறவும் கட்டளையிடலாம். அவ்வீடு அடித்தவர் ஒருவருக்கே சொந்தமானதாகவோ வாடகைக்கு எடுத்ததாகவோ இருந்தாலும் சரியே. கணவர் அவளுடைய வேலையிடத்திற்கோ பிள்ளைகளின் பள்ளிக்கோ வரக்கூடாது என்றும் தடை செய்யலாம். தோட்டத்தில் இருவரும் அடுத்தடுத்த நிரையில் வெட்டுபவராக இருந்தால் இதனை நடைமுறைப்படுத்துவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய நிலையில் நிர்வாகம் வெட்டு மாற்றித் தர வேண்டியிருக்கும். ஆணையின் நகல் கையில் இருந்தால் கிராணியிடமோ நிர்வாகியிடமோ அதனைக் கேட்பதற்கு வலு கிடைக்கும்.

இரண்டாவது, துணிமணி, அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் யாவும் வீட்டில் இருப்பது. அவற்றை எடுக்கத் தனியே திரும்பிச் சென்று மறுபடியும் அடிபட்டவர்கள் உண்டு. காவல் அதிகாரியோ சமூகநல அதிகாரியோ உடன் வந்து பொருள்களை எடுத்துத்தர வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்திற்கோ செல்ல வாகன ஏற்பாடு செய்வதும் அவர்களுடைய கடமைகளுள் அடங்கும். பட்டணத்திலிருந்து இருபது கல் தொலைவில், பஸ் வராத சாலையில் வாழ்பவருக்கு இது சிறிய உதவியன்று.

மூன்றாவது, ‘அவரைப் பிடித்துக்கொண்டு போனால் சம்பளம் யார் தருவார்?’ என்பது. இக்கேள்வியை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆயினும், சொன்ன உடனே சிறை என்பதில்லை. பல பெண்கள் வேண்டுவது அடி நிற்பதே. பாதுகாப்பு ஆணை அதற்கென்றே ஏற்பட்டது. குடியை விடவும் கோபத்தை அடக்கவும் பயிற்சி பெறுமாறு கணவருக்குக் கட்டளையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சம்சு குடித்ததால்தான் அடித்தார் என்று மனைவியே வாதாடுவதைக் கேட்கிறோம். அதே மனிதர், அதே போதையில், மண்டோரை அடிப்பதில்லை, நிர்வாகியை அடிப்பதில்லை.

மானம் போய்விடும் என்னும் அச்சத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. லயத்தில் பத்து வீட்டாருக்கும் தெரிந்ததே அது. டாக்டருக்கு மட்டும் மறைப்பதால் மானம் காக்கப்படுவதில்லை.

உடனே செல்ல வேண்டிய நிலைமைகள்

வெளியே இரத்தம் வரவில்லை என்பதால் வீட்டிலேயே எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடும் வழக்கம் ஆபத்தானது. சில அடிகள் வெளியே தடம் காட்டாமலே உயிரை வாங்கக்கூடியவை.

அவற்றுள் தலையாயது கழுத்தை நெரித்தல். நெரிக்கப்பட்ட பெண்ணின் கழுத்தில் பெரும்பாலும் எந்தக் குறியும் இராது. ஆனால் உள்ளே இரத்தக் குழாயும் மூச்சுக்குழலும் நைந்திருக்கக்கூடும். பல மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ வீக்கம் பெருகலாம், இரத்தம் உறைந்து மூளையைத் தாக்கலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், கண்ணில் சிவப்புப் புள்ளிகள், நெரித்தபோது நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் கழிந்தது ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். கழுத்தில் கை வைத்தான் என்பதைத் தவறாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் அங்கே பார்க்கமாட்டார். மனைவியின் கழுத்தை ஒருமுறை நெரித்தவன் பின்னொரு நாள் அவளைக் கொன்றுவிடும் அபாயம் பன்மடங்கு மிகுதி என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மையாகும்.

கர்ப்பிணியின் வயிற்றில் உதை விழுந்தால் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடலாம். வயிறு கல்போல் இறுகுதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை இல்லையெனினும் பார்த்துக்கொள்வதே முறை. தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம், நீங்காத தலைவலி ஆகியவற்றுக்கும் காத்திருத்தல் கூடாது. கன்னத்தில் அறைவதை ஒரு பொருட்டாக எவரும் எண்ணுவதில்லை. விரிந்த கையால் காதோடு அறைந்தால் செவிப்பறை கிழிந்துவிடும்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல டிரெசரின் கடிதம் கட்டாயமன்று. கடிதமின்றியும், எந்த நேரத்திலும், நள்ளிரவிலும் செல்லலாம்.

அண்டை வீட்டாரும் டிரெசரும்

லயத்தில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் நடப்பதில்லை. ‘நமக்கேன் வம்பு? நாளைக்கு அவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாம் பகையாளி ஆவோம்’ என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். குடும்ப வன்முறை நடப்பதாக நம்பத் தகுந்த காரணமுள்ள எவரும் காவல் துறையினருக்கோ சமூகநல அதிகாரிக்கோ தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது என்று சட்டம் காப்பளிக்கிறது. அப்போதே ஆபத்து எனில் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். மகளிர் அமைச்சின் ‘தாலியான் காசே’ 15999 என்னும் எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. 1982ஆம் ஆண்டிலிருந்து அடிபட்ட பெண்களுக்குத் தங்குமிடம் நடத்திவரும் டபிள்யூ.ஏ.ஓ. போன்ற தொண்டு அமைப்புகளும் உள்ளன. சமூகநல அதிகாரி வழியாக அவற்றோடு தொடர்பு கொள்ளலாம்.

டிரெசர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனைக்கு முதலில் கதவு திறப்பவர் அவரே. காயத்தைக் கட்டும்போது உடன் வந்தவரை வெளியே நிற்கச் சொல்லி, “யாரேனும் அடித்தார்களா, அம்மா?” என்று ஒருமுறை கேட்டால் போதும். அவர் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டா; கேட்கத் தயாராக ஒருவர் இருக்கிறார் என்பதை அவர் மறக்கமாட்டார். ஆம் என்றால், மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் அதனைக் குறிப்பிடலாம். அதற்கு முன் அப்பெண்ணின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். அக்கடிதத்தை உறையிலிட்டு ஒட்ட வேண்டும். கணவரின் கையில் கொடுத்தனுப்பலாகாது. ‘ஏன் பொறுத்துக்கொண்டாய்?’ என்றோ, ‘நீ என்ன பேசினாய், அவர் அடிக்க?’ என்றோ கேட்பவரிடம் அப்பெண் மறுபடியும் வாய் திறக்கமாட்டார்.

வீட்டை விட்டு வெளியேறும் நாள் திட்டமிட்டு வருவதில்லை. ஆதலால் அச்சத்தில் வாழும் பெண்கள் தம்முடைய அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பதிவுச் சீட்டு இருந்தால் அதன் நகல், மருத்துவமனையில் கொடுத்த சீட்டுகள், பஸ் கட்டணத்துக்குச் சிறிது பணம், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை ஆகியவற்றை ஒரு பையிலிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைத்தல் நன்று. கணவர் தேடாத வீடாக அது இருக்க வேண்டும். தாய் வீட்டையும் உடன்பிறந்தார் வீட்டையும் அவர் முதலில் தேடுவார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் வைப்பதை நாம் பரிந்துரைப்போம். பிள்ளைகளை விடவும் அழைத்துச் செல்லவும் தினமும் அங்கே போய் வருவதை எவரும் ஐயுறமாட்டார்.